கடலடியில் ஒரு நடைபாதை

காட்டுக்குள் நடைபாதை உண்டு. மலைமேலும் நடைபாதை உண்டு. கடலுக்கு அடியில் நடைபாதை இருக்க முடியுமா? முடியும். கரிபியன் தீவுகளுள் ஒன்றான செயின்ட் ஜான் தீவில் டிரங்க் விரிகுடா என்னும் சிறு கடற்கரை இருக்கிறது. அங்கே கரையை ஒட்டிய பவளத்திட்டின் ஓரமாக ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீரடிப் பாதை அமைத்திருக்கிறார்கள். வழிநெடுகக் கடலடியில் பலகைகள் பதித்து, அருகிலுள்ள பவளம் எது, மீன் எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முகத்தில் கண்ணாடிக் கவசமும், வாயில் மூச்சுக்குழலும், காலில் துடுப்புக் காலணியும் அணிந்துகொண்டு, நீரின் மேல் குப்புற மிதந்தபடியே அவற்றைப் படித்துச் செல்லலாம்.

பாதை என்று பெயர்தான். ஆனால் அதில் கால் வைக்கவே கூடாது என்பது முதல் விதி. ஏன் அப்படி? அதை அறிய அந்தக் கரைக்குக் கற்பனையில் ஒருமுறை சென்று வருவோம்.

எங்கே இருக்கிறது?

கிரிக்கெட் ஆட்டத்தின் வழியாக மேற்கிந்தியத் தீவுகள் நமக்குப் பழக்கமானவை. அந்தத் தீவு வரிசையின் வடபகுதியில், போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே வர்ஜின் தீவுகள் இருக்கின்றன. 1493-ஆம் ஆண்டில், தம் இரண்டாம் பயணத்தின்போது கொலம்பஸ் இட்ட பெயர் அது. செயின்ட் ஜான் அவற்றுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டரே. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே, அதாவது நம் விசாகப்பட்டினத்தின் அட்சரேகைக்கு அருகில் இருக்கிறது. அங்கே விமான நிலையம் இல்லை. பக்கத்துத் தீவான செயின்ட் தாமசில் இறங்கிப் படகில் போக வேண்டும்.

டிரங்க் என்றதும் டிரங்குப் பெட்டியையோ யானையின் துதிக்கையையோ நினைக்க வேண்டாம். கடலாமைகளுள் மிகப் பெரியதான தோல்முதுகு ஆமையை அத்தீவு மக்கள் டிரங்க் என்று அழைப்பார்கள். அந்த ஆமையின் பெயரே விரிகுடாவுக்கு வந்தது.

அத்தீவின் அழகுக்குப் பின்னே துயரமான வரலாறு ஒன்றும் உண்டு. டென்மார்க்கின் ஆட்சியில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அவற்றில் வருந்தி உழைத்தார்கள். 1733-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. டிரங்க் விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள அன்னபெர்க் என்னும் பழைய கரும்பாலையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். அதன் சுவர்களில் கருங்கல்லோடு மூளைப் பவளத் துண்டுகளும் வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பவளம் அன்று கட்டடக் கல்லாக மட்டுமே மதிக்கப்பட்டது!

1917-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இத்தீவுகளை 2.5 கோடி டாலர் கொடுத்து டென்மார்க்கிடமிருந்து வாங்கின. லாரன்ஸ் ராக்ஃபெல்லர் என்னும் செல்வர் செயின்ட் ஜானில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி நன்கொடையாக அளித்தார். அதைக் கொண்டு 1956-இல் வர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா அமைந்தது. 1962-இல் கரையை அடுத்த கடற்பகுதியும் பூங்காவில் சேர்க்கப்பட்டது. காட்டைக் காப்பதுபோலக் கடலையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் உலகில் அப்போதுதான் மெல்லப் பரவத் தொடங்கியிருந்தது.

வெண்மணல் வந்த வழி

டிரங்க் கரையில் இறங்கியதும் கண்ணைக் கவர்வது மாவு போன்ற வெண்மணல். ஆனால் தீவின் மலைகளோ எரிமலைக் குழம்பால் ஆன கருநிறப் பாறைகள். கரும்பாறைத் தீவுக்கு வெள்ளை மணல் எங்கிருந்து வந்தது?

நம் கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் மலைகளிலிருந்து அரித்துக் கொண்டுவந்த குவார்ட்ஸ் துகள்கள். செயின்ட் ஜானில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லை. அங்குள்ள மணல் கடலிலேயே பிறந்தது. பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள், சுண்ணாம்பைத் தம் உடலில் சேர்த்துவைக்கும் ஹாலிமீடா என்னும் பாசி ஆகியவை நொறுங்கி மணலாயின. இந்த மணல்மீது சிறிது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அது கால்சியம் கார்பனேட் என்பதற்கு அதுவே சான்று. குவார்ட்ஸ் மணல் அப்படிப் பொங்காது.

மணலை அரைத்துத் தரும் ஆலை ஒன்றும் கடலில் உண்டு. அதுதான் கிளிமீன். கிளியின் அலகு போல் இணைந்த பற்களால் இது பாறையைச் சுரண்டி அதன்மேல் வளரும் பாசியைத் தின்கிறது. பாசியோடு சுண்ணாம்பும் உள்ளே போகிறது. தொண்டையிலுள்ள அரைக்கும் பற்கள் அதை நொறுக்குகின்றன. செரிக்காத சுண்ணாம்பு வெண்மணலாக வெளியே வருகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூறு கிலோவுக்கு மேலும் மணல் உண்டாக்கக்கூடும். மக்கள் துண்டு விரித்துப் படுத்திருக்கும் மெத்தையில் ஒரு பகுதி மீனின் கழிவு என்றால் வியப்பாக இல்லையா?

கரையில் கவனிக்க வேண்டியவை

நீரில் இறங்குமுன் கரையையும் சற்றுப் பார்ப்போம். பழுப்புக் கூழைக்கடாக்கள் வானத்திலிருந்து கல்லைப்போல் விழுந்து மீன் பிடிக்கின்றன. கரையோர மரங்களுள் மஞ்சினீல் என்னும் மரமும் உண்டு. சிறு ஆப்பிள் போன்ற அதன் பழம் கடும் நஞ்சு. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘சாவு ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. மழையின்போது அதன் அடியில் ஒதுங்கினால் இலைகளிலிருந்து வடியும் நீரே தோலைக் கொப்புளிக்கச் செய்யும். நம் ஊர்க் கள்ளியும் ஆமணக்கும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கரிபியன் பகுதியில் ஓதம் மிகக் குறைவு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரை மீட்டரைக்கூட எட்டாது. கிழக்கிலிருந்து வீசும் வாணிகக் காற்றுக்கு மறைவான இடத்தில் இருப்பதால் டிரங்க் விரிகுடா பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனால் குளிர்காலத்தில், வட அட்லாண்டிக்கில் வெகு தொலைவில் எழும் புயல்கள் பெரிய அலைகளை இங்கே அனுப்பிவிடும். வானம் தெளிவாக இருப்பதால் கடலும் அடங்கியிருக்கும் என்று எண்ணக் கூடாது.

கண்ணுக்கு முன்னே காற்று

வெறுங்கண்ணோடு நீரில் மூழ்கிப் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. இதற்குக் காரணம் ஒளிவிலகல். நம் கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முன்புறமுள்ள கருவிழிப் படலத்தைச் சேர்ந்தது. காற்றிலிருந்து அப்படலத்துக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கருவிழிப் படலத்தின் எண் ஏறத்தாழ 1.38. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், நீருக்குள் ஒளி வளைவதே இல்லை எனலாம். உருவம் விழித்திரையில் குவிவதில்லை.

முகக் கவசம் செய்யும் வேலை எளியது. கண்ணுக்கு முன்னே அது சிறிது காற்றை நிறுத்தி வைக்கிறது. கண் மீண்டும் தன் பழைய வேலையைச் செய்கிறது. ஆனால் நீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளி விலகுவதால், 4 மீட்டர் தொலைவில் உள்ள மீன் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். மீனைக் கண்டதாகச் சொல்பவர் அதன் அளவைக் கூட்டிச் சொன்னால், அதில் பாதிக் குற்றம் ஒளியியலைச் சேர்ந்தது!

நிறங்களும் மாறும். நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடும். 5, 6 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் மறைந்து, எல்லாம் நீலம் பூசியதுபோல் தோன்றும்.

மூச்சுக்குழல் ஏன் குட்டையானது?

மூச்சுக்குழலின் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான். அதை ஒரு மீட்டராகவோ இரண்டு மீட்டராகவோ நீட்டிவிட்டால் ஆழத்திலேயே இருந்துகொண்டு மூச்சு விடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நீரின் அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 100 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் கூடுகிறது. மார்பின் பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 100 கிலோ எடை ஏறுகிறது. நுரையீரலுக்குள் இருப்பதோ குழல் வழியாக வந்த சாதாரண வளிமண்டலக் காற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த 100 கிலோவை விலா எலும்புத் தசைகள் தூக்கியாக வேண்டும். சிறிது நேரத்திலேயே தசைகள் சோர்ந்துவிடும்.

இரண்டாவது, பழைய காற்று. இயல்பான ஒரு மூச்சில் சுமார் 500 கன சென்டிமீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். அதில் ஏறத்தாழ 150 கன சென்டிமீட்டர் மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கிவிடுகிறது. நுரையீரலின் காற்றறைகளை அடைவதில்லை. இப்போது 2 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழலின் கன அளவைக் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 125 கன சென்டிமீட்டர். நீளம் ஒரு மீட்டரானால் 314. இதனுடன் 150-ஐக் கூட்டினால் 464. இழுக்கும் 500-இல் 464 நாம் முன்பு வெளியே விட்ட காற்றே! புதிய காற்றாக வருவது 36 மட்டும். ஆகவேதான் குழல் குட்டையாக இருக்கிறது. குட்டைக் குழலிலும் மேலோட்டமாக மூச்சு விடாமல், மெதுவாகவும் ஆழமாகவும் விட வேண்டும் என்று பயிற்சி தருபவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே.

ஓர் எச்சரிக்கை

அடியிலுள்ள பலகையை அருகே சென்று படிக்கச் சிலர் மூச்சடக்கி மூழ்குவார்கள். நெடுநேரம் தங்கலாம் என்று எண்ணி, முன்னதாக வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிக்கொள்வதும் உண்டு. இது உயிருக்கே ஆபத்தானது.

மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை நமக்குள் எழுப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடுதான். வேகமாக மூச்சு வாங்குபவர் அந்தக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுகிறார். ஆக்சிஜனோ அதிகம் கூடுவதில்லை. மூழ்கியபின் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். ஆனால் எச்சரிக்கை மணி அடிக்காது. எந்தத் தவிப்பும் இல்லாமலே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட, ஆழமில்லாத குளங்களிலும் இப்படி இறந்திருக்கிறார்கள். கரிபியன் கடலுக்கு மட்டுமன்றி நம் ஊர்க் கிணற்றுக்கும் இந்த அறிவியல் பொருந்தும். யார் நெடுநேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டும் வழக்கத்தை நீங்கள் உடனே விட்டுவிட வேண்டும். தனியாக நீந்தவும் கூடாது.

கல்லா, செடியா, விலங்கா?

பாதையின் இரு புறமும் பாறைபோல் தெரிவன பவளங்கள். பாலிப் என்னும் மிகச் சிறிய விலங்குகள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் குடியிருப்பே ஒரு பவளம். ஒவ்வொரு பாலிப்பும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்று கட்டிக்கொள்கிறது. அதன் உடல் திசுவுக்குள்ளே நுண்ணிய ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து உணவின் பெரும்பகுதியைப் பாலிப்புக்குத் தருகின்றன. பாலிப் அவற்றுக்கு இடமும் கழிவிலிருந்து உரமும் தருகிறது. ஊட்டப்பொருள் குறைந்த தெளிந்த நீரிலும் இத்தனை உயிர்கள் பெருகியிருப்பதன் இரகசியம் இந்தக் கூட்டுறவுதான்.

மூளைப் பவளத்தின் மேற்பரப்பு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். 4 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டர் குறுக்களவு உள்ள மூளைப் பவளம் உருவாக ஏறத்தாழ 125 ஆண்டுகள் வேண்டும். அதாவது, டென்மார்க் அத்தீவை விற்பதற்கு முன்பே அது வளரத் தொடங்கியிருக்கும்! களைத்துப்போன ஒருவர் ஒரு நிமிடம் அதன்மேல் நின்று இளைப்பாறினால், மென்மையான பாலிப்புகள் நசுங்கும். அந்தப் புண்ணின் வழியே நோய்க் கிருமிகளும் பாசியும் புகும். கால் வைக்கக் கூடாது என்ற விதி இப்படி வந்தது.

கறுப்பு முள்ளெலி மறைந்த கதை

கரிபியன் பவளத்திட்டுகளில் ஒரு காலத்தில் நீண்ட கறுப்பு முட்களை உடைய டயடெமா என்னும் கடல் முள்ளெலிகள் நிறைந்திருந்தன. காலில் முள் ஏறினால் வலி பொறுக்க முடியாது. நீந்துபவர்கள் அவற்றைச் சபித்தார்கள். 1983-இன் தொடக்கத்தில் பனாமா கரையில் அவை கூட்டமாக இறக்கத் தொடங்கின. அங்கு பணிபுரிந்த ஹரிலாஸ் லெசியோஸ் முதலிய அறிவியலார் இதைப் பதிவு செய்தார்கள். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சாவு கரிபியன் முழுவதும் பரவியது. பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாண்டன.

முள் தொல்லை ஒழிந்தது என்று யாராலும் மகிழ முடியவில்லை. அந்த முள்ளெலிகளே பாசியை மேய்ந்து பவளத்தைத் துப்புரவாக வைத்திருந்தவை. ஜமைக்காவில் கிளிமீன்களையும் ஏற்கெனவே வரம்பின்றிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-இல் வீசிய ஆலன் புயலும் பவளங்களை உடைத்திருந்தது. மேய்வதற்கு எவரும் இல்லாமற் போகவே பாசி தழைத்தது. 1970-களின் பிற்பகுதியில் அங்கே கடலடிப் பாறையில் 52 சதவிகிதத்தை மூடியிருந்த உயிர்ப்பவளம், 1990-களின் தொடக்கத்தில் 3 சதவிகிதமாகச் சுருங்கியது. பாசியோ 4 சதவிகிதத்திலிருந்து 92 சதவிகிதமாகப் பெருகியது.

முள்ளெலிகள் மெல்லத் தலைதூக்கி வந்த நிலையில், 2022-இல் செயின்ட் தாமஸ் கரையில் மீண்டும் சாவு தொடங்கியது. இம்முறை காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. மியா பிரைட்பார்ட் தலைமையிலான குழு, குற்றிழைகளை உடைய ஒற்றைச் செல் உயிரி ஒன்றே குற்றவாளி என்று 2023-இல் அறிவித்தது.

நம் கடலிலிருந்து போன விருந்தாளி ஒன்றும் அங்கே தொல்லை தருகிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழும் சிங்கமீன் 1985-இல் ஃபுளோரிடா கரையில் காணப்பட்டது. மீன்தொட்டிகளில் வளர்த்தவர்கள் விட்டதே பெருகியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பின்னர் கரிபியன் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களை விழுங்கி வருகிறது. சொந்த ஊரில் கட்டுக்குள் இருக்கும் உயிர், வேற்றூரில் கட்டவிழ்ந்து போவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

காய்ச்சல் கண்ட கடல்

கோடைகாலத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்த பாசி போனதும் பவளம் வெளுத்து எலும்பு போல் நிற்கும். இதையே பவள வெளுப்பு என்கிறோம். விரைவில் வெப்பம் தணிந்தால் அது பிழைக்கலாம். இல்லையேல் பட்டினியால் சாகும்.

2005-இல் வர்ஜின் தீவுகளின் பவளங்களுள் பெரும்பாலானவை வெளுத்தன. தொடர்ந்து நோய் தாக்கியது. ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அளந்து வந்த இடங்களில் உயிர்ப்பவளத்தின் பரப்பு 60 சதவிகிதம் குறைந்தது. 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்னும் இரு பெரும் புயல்கள் இரண்டே வார இடைவெளியில் தாக்கின. 2014-இல் மயாமி அருகே தோன்றிய கற்பவளத் திசு இழப்பு நோய் 2019-இல் செயின்ட் தாமசையும் பின்னர் செயின்ட் ஜானையும் எட்டியது. மூளைப் பவளங்களே அதற்கு முதல் இரை. 2023-இல் கரிபியன் கடல் மீண்டும் கடுமையாகச் சூடேறியது.

வருகிறவர்கள் என்ன செய்யலாம்?

கடல் சூடேறுவதை ஒரு கடற்கரையில் நீந்துபவர் தடுத்துவிட முடியாது. பிறகு கால் வைக்காமல் இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. காய்ச்சலில் கிடப்பவனை மிதிக்காமல் இருந்தால் அவன் பிழைக்கும் வாய்ப்புக் கூடும் அல்லவா? பவளமும் அப்படியே. வெப்பத்திலிருந்து மீள வேண்டிய பவளத்துக்கு மிதியும், சேறும், நஞ்சும் கூடுதல் சுமைகள். மலைச்சரிவில் வெட்டிய மண்சாலைகளிலிருந்து மழை அரித்துவரும் சேறு பவளத்தை மூடாமல் தடுக்கலாம். வெயில் காப்புக் களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவற்றை அமெரிக்க வர்ஜின் தீவுகள் சட்டம் இயற்றி 2020 மார்ச் முதல் தடை செய்தன. கிளிமீன் பிடிப்பதை மத்திய அமெரிக்க நாடான பெலிஸ் 2009-இல் தடை செய்தது. முழுக்கைச் சட்டை அணிந்து நீந்தினால் களிம்பே அதிகம் வேண்டியதில்லை.

டிரங்க் விரிகுடாவின் நீரடிப் பாதை ஒரு பள்ளிக்கூடம். அங்கே பலகைகள் பாடப் புத்தகம். பவளமும் மீனும் ஆய்வுக்கூடம். புயலில் பலகை போனால் புதிதாக ஒன்று செய்து ஒரே நாளில் பதித்துவிடலாம். அது சுட்டிக் காட்டும் மூளைப் பவளம் போனால், அதே அளவில் இன்னொன்றைக் காண உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அப்பாதையில் செல்பவர்கள் கைகளை மார்போடு அணைத்து, துடுப்புக் காலணியை மெல்ல அசைத்து, பார்த்துவிட்டு மட்டும் திரும்ப வேண்டும்.